வெளிச்சம் புகாத துணி

மெரூனாம். ஜன்னல் ஸ்க்ரீனுக்கு மெரூன்தான் எடுப்பாக இருக்குமாம். என் வீட்டுக்காரர் விரலை நீட்டுகிறார், கடைக்காரர் அந்தத் துணிக்கட்டை அலமாரியிலிருந்து உருவி மேசைமேல் போடுகிறார், அது உருண்டு விரிந்து என் வயிற்றில் வந்து முட்டி நிற்கிறது. "மூணு லேயருங்க. நடுவுல கருப்பு. உச்சி வெயில்லயும் ரூமு இருட்டாயிருமுங்க. தொட்டுப் பாருங்கக்கா." தொட்டுப் பார்க்கிறேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரே ஒரு தேய்ப்பு. இருபத்திரண்டு வருஷமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நிற்கிறவளுக்கு அது போதும். பாலியஸ்டர். மூணு லேயரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, பின்னால் ஒரு பூச்சு, அவ்வளவுதான். ரெண்டு கோடை போனால் பொடிப்பொடியாய் உதிரும். ஆனாலும் எனக்கு இந்தக் கடைக்காரர் மேல் கோபமில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் இருக்காமல் வேர்க்க வேர்க்க நின்று பொய் சொல்கிறார், வயிற்றுப்பாடு. இவருக்கு என்ன வந்தது? பக்கத்தில் நின்று "நல்லாருக்குதுல்ல, கோதை?" என்று கேட்கிற என் வீட்டுக்காரருக்கு? இவ்வளவு சந்தோஷமாக இவர் கடையில் நின்று நான் பார்த்ததே இல்லை. எனக்குச் சேலை எடுக்க வந்தால் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று சீக்கிரம் சீக்கிரம் என்கிற மனுஷன். இன்றைக்கு ஐலெட் என்கிறார், ப்ளீட் என்கிறார், வளையம் ஸ்டீலிலா பித்தளையிலா என்கிறார். எங்கே போய்ப் படித்துவிட்டு வந்தார் இதையெல்லாம்? பதினொரு நாளாக உட்கார்ந்து ஃபோனில் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரா?

பதினொரு நாள். புதன்கிழமை சாயங்காலம் அஞ்சரை மணி. என் மகள் தாரணி காலேஜ் பஸ்ஸில் வந்து இறங்கி, ரூமுக்குப் போய் வேர்த்த துணியை மாற்றிக்கொண்டிருந்தாள். எதிர் வீட்டு மொட்டை மாடியில் தண்ணித் தொட்டிக்குப் பின்னால் என்னவோ மினுங்கியது, பீரோக் கண்ணாடியில் தெரிந்ததாம். திரும்பிப் பார்த்தால் துரைசாமி. ஃபோனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு. ஐம்பத்தாறு வயசு ஆள். எங்கள் வீதிச் சங்கத்துக்குத் தலைவர். பிள்ளையார் கோயில் சாவி அவர் மடியில்தான் இருக்கும். இவள் கத்தியதும் அங்கிருந்தே சொல்லியிருக்கிறார், "ஒண்ணுமில்ல கண்ணு, தண்ணி ரொம்பிருச்சான்னு பாக்கறேன்." கண்ணு! பிறந்த நாளிலிருந்து அவளைக் கண்ணு கண்ணு என்று கூப்பிட்ட வாய். நான் கம்பெனியிலிருந்து வந்தபோது என் பிள்ளை துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டிலேயே ஜன்னல் இல்லாத இடம் அது ஒன்றுதான். கேஸ் சிலிண்டருக்கும் அரிசி டப்பாவுக்கும் நடுவில் காலை மடக்கி. இருபது வயசுப் பிள்ளை. கடைக்காரர் இன்னொரு துணியை விரிக்கிறார். "அக்கா, இதைப் பாருங்க, லினன் மாதிரியே இருக்கும், கசங்காது." பார்த்தேன். கசங்காது. நல்லது. கசங்காமல் இருக்கட்டும் எல்லாம்.

இவர் போய்க் கேட்டார். அதையும் சொல்ல வேண்டும், இல்லை என்று சொல்லக்கூடாது. சட்டையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வீதியைத் தாண்டிப் போனார். நான் கேட்டில் நின்றேன். சத்தம் வரும், அடி விழும், பல்லு உடையும் என்று நின்றேன். என் மனசு முழுக்க அந்த ஒரு அடிக்காகக் காத்துக் கிடந்தது. அரை மணி நேரம். ஒரு சத்தமும் இல்லை. திரும்பி வந்து என் பக்கத்தில் நின்று பேசியபோது இவர் வாயில் டீ வாசம். ஏலக்காய் தட்டிப் போட்ட டீ. அந்த வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்திருக்கிறார். "அளுதுட்டாரு கோதை. காலுல உளுகறதுக்கே வந்துட்டாரு. புத்தி கெட்டுப் போச்சுன்னாரு. கோயில் மேல சத்தியம் பண்ணிப் பளசெல்லாம் டெலிட் பண்ணீட்டாரு." பழசெல்லாம். நான் அந்த நிமிஷமே பிடித்துக்கொண்டேன். பழசெல்லாமா? புதன்கிழமை ஒருநாள் எடுத்தது எப்படிப் பழசு ஆகும், எப்படி எல்லாம் ஆகும்? "நீங்க பாத்தீங்களா?" என்றேன். "என்னத்தப் பாக்கறது? எம் புள்ளய நானே பாக்கறதா? அவரே அளிச்சுட்டாரு." பார்க்கவில்லை. ஃபோனைக் கையில்கூட வாங்கவில்லை. பழசெல்லாம். செக்கிங் டேபிளில் கண்ணாடிக்குக் கீழே ட்யூப்லைட் எரியும், துணியில் ஒரு இழை விட்டிருந்தாலும் வெளிச்சத்தில் பளிச்சென்று காட்டிவிடும், அந்த இடத்தில் அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவேன். இந்த ஒரு வார்த்தையைத் தள்ள முடியவில்லை. சோறு வடிக்கும்போது பழசெல்லாம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது பழசெல்லாம். எத்தனை? எந்த நாளிலிருந்து? பொங்கலுக்கு எடுத்த அந்தப் பச்சைச் சுடிதாரைப் போட்டுப் பார்த்த அன்றைக்கா? பரீட்சை நேரத்தில் விடியக்காலம் எழுந்து குளித்துவிட்டு வருவாளே, அப்போதெல்லாமா?

மறுநாள் காலையில் இவர் செய்த முதல் வேலை, சுத்தியலைத் தேடியது. பழைய பெட்ஷீட் ஒன்றை அவள் ரூம் ஜன்னலில் ஆணி அடித்து மாட்டினார். ஒரு ஆணி வளைந்தது, அதைப் பிடுங்கி நிமிர்த்தி மறுபடி அடித்தார். தாரணி கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வீதிக்கே கேட்டிருக்கும் அந்த ஆணி அடிக்கிற சத்தம். எதிர் வீட்டுக்கும் கேட்டிருக்கும். கேட்டு நிம்மதியாகியிருப்பார் துரைசாமி. சரி, இவ்வளவுதான் செய்வார்கள் என்று. சித்திரை வெயில், மேற்கு பார்த்த ரூம், பதினொரு நாளாகக் காற்று இல்லை, காலேஜுக்கும் போகாமல் அதற்குள்ளேயே கிடக்கிறாள். அவள் கழுத்தெல்லாம் வேர்க்குரு. அவன் வீட்டு மாடி திறந்து கிடக்கிறது. நேற்றுக்கூட அங்கே வேட்டி காய்ந்தது, கஞ்சி போட்டு மொடமொடவென்று. குற்றம் பண்ணினவனுக்கு ஆகாசம், எம் பிள்ளைக்கு ஆணி அடித்த பெட்ஷீட். இதைச் சொன்னால் இவர், "சத்தமாப் பேசாத" என்கிறார். இருபத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் இவர் என்னிடம் அதிகம் சொன்ன வார்த்தை எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். எனக்குக் காய்ச்சல் என்றால் ரசம் வைத்துத் தருவார். அதனால்தான் இன்னும் எரிகிறது. கெட்டவராக இருந்தால் எப்போதோ வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

"எல்லா ரூமுக்கும் இதே போட்டுரலாங்களா, இல்ல பெட்ரூமுக்கு மட்டுங்களா?" என்கிறார் கடைக்காரர். "எல்லாத்துக்கும்" என்கிறார் இவர். "ஹாலு, ரெண்டு ரூமு, படிக்கட்டு ஜன்னலு, அல்லாத்துக்கும் ஒரே மாதிரி. ஒரு ரூமுக்கு மட்டும் மாத்துனா வித்தியாசமாத் தெரியும் பாருங்க." வித்தியாசமாகத் தெரியுமாம். வீதியில் யாராவது கேட்பார்களாம், ஏன் அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் என்று. அதற்காக வீட்டையே மூடி வைக்கப் போகிறார். காலையில் காப்பி குடிக்கும்போது ஹால் ஜன்னல் வழியாக வருகிற துளி வெயில், அதுவும் போச்சு. படிக்கட்டு ஜன்னலில் நின்று எதிர்ப்பக்கத்து முருங்கைமரத்தைப் பார்ப்பேன், அதுவும் போச்சு. நாங்கள் மூன்று பேரும் மெரூன் இருட்டில் ட்யூப்லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கடைக்காரர் மேலேயிருந்து மெல்லிசாக ஒரு வெள்ளைத் துணியையும் இறக்கிக் காட்டுகிறார், உள்பக்கம் போடுகிறதாம், வெளிச்சம் வரும், ஆள் தெரியாது. நான் அதில் கையை நுழைத்துப் பார்க்கிறேன். என் விரல் அஞ்சும் தெரிகிறது, கண்ணாடி வளையல் தெரிகிறது. ஆள் தெரியாது என்று எல்லாரும் சுலபமாகச் சொல்கிறார்கள். உள்ளே இருக்கிறவளுக்குத்தானே தெரியும் தெரிகிறதா தெரியவில்லையா என்று.

இல்லை, இதையே சுற்றிச் சுற்றி வருகிறேன், அந்த இன்னொன்றைத் தொடாமல். தொட்டால் சுடும் என்று தெரிந்தே. மாசி மாதம். ஒரு சனிக்கிழமை. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தாரணி வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். "அம்மா, எதுத்த மாடில இருந்து யாரோ பாக்கற மாதிரியே இருக்குதும்மா." நான் தலையைத் தூக்கினேனா? தூக்கவில்லை. வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், "ஸ்க்ரீன இளுத்து உட்டுக்க வேண்டீதுதான." "இல்லம்மா, தெனமும்..." என்றாள். "வயசுப் புள்ள ஜன்னலத் தெறந்து போட்டுட்டுத் துணி மாத்துனா பாக்கத்தான் செய்வாங்க" என்றேன். நான். நானேதான். என் வாய்தான். அவள் போய்விட்டாள். நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். அதற்கப்புறம் இரண்டு மாதம், அந்த இரண்டு மாதத்துக்கும் சேர்த்துத்தான் பழசெல்லாம். இவர் ஆணி அடித்தார் என்று இவரைத் திட்டுகிறேன், நான் அன்றைக்கே அடித்துவிட்டேன். என் பதினேழு வயசில், கம்பெனியில் சேர்ந்த புதிதில், லைன் சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றுகொண்டு குனிந்து குனிந்து மெஷினைப் பார்ப்பான். அம்மாவிடம் சொன்னேன். தாவணிக்கு இரண்டு ஊக்கு சேர்த்துக் குத்திவிட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு அவள்மேல் எவ்வளவு ஆத்திரம் எனக்கு. அந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைத்தேன்? எந்த டேபிளில் மறந்து விட்டேன்? நான் மட்டும் என்ன கிழித்தேன்? ஊக்குக்குப் பதில் ஸ்க்ரீன்.

"வீட்ல விசேசங்களா?" கடைக்காரர் பேச்சுக்குக் கேட்கிறார், டேப்பை இழுத்துக்கொண்டே. இவர் சிரிக்கிறார். கொஞ்சம் வெட்கத்தோடு, நல்ல செய்தி சொல்கிறவர் சிரிப்பது மாதிரி. "ஆமாங்க. வார வெள்ளிக்கெளம பொண்ணு பாக்க வாராங்க. பெருமாநல்லூர்ல இருந்து." என் கையில் அந்த மெரூன் துணியின் ஓரம் இருந்தது. அது கையில் இருக்கும்போதே நான் கேட்டேன், "யார?" "அப்பறம் பேசிக்கலாம்" என்கிறார் இவர், கடைக்காரரைப் பார்த்தபடியே. "யாரப் பாக்க வாராங்க?" "பரீச்ச முடிஞ்சதும் பண்ணிக் குடுத்துட்டா நமக்கும் நிம்மதி, அவளுக்கும் எடம் மாறுனாப்புல ஆச்சு. சத்தமாப் பேசாத." இடம் மாறின மாதிரியாம். துரைசாமி அதே மாடியில் வேட்டி காயப் போடுவான், எம் பிள்ளை இடம் மாற வேண்டும். படிக்கிற பிள்ளை. மேலே படிக்கிறேன் என்று கோயமுத்தூர் காலேஜுக்கு அப்ளிகேசன் வாங்கி வைத்திருக்கிறவள். இந்தத் துணியை மாட்டி, அதற்கு முன்னால் அவளை உட்கார வைத்து, வருகிறவர்களுக்குக் காட்டப் போகிறார். பார்க்கக்கூடாது என்று ஒரு துணி, பார்க்கட்டும் என்று அதே துணி. எனக்குக் காது அடைத்துவிட்டது. கடைக்குள் ஃபேன் ஓடுகிறது, வாய்கள் அசைகின்றன, ஒரு சத்தமும் கேட்கவில்லை. பயமா இது? பயம் இல்லை. இது நெஞ்சுக்குக் கீழே கொதிக்கிறது.

ஃபோனை எடுத்துக்கொண்டு கடையின் பின்பக்கம் போகிறேன். மாதிரிக்காக மாட்டி வைத்த ஸ்க்ரீன்கள் வரிசையாகத் தொங்குகின்றன, பூப்போட்டது, கோடு போட்டது, அதற்கு நடுவில் நுழைந்து நின்றுகொண்டு தாரணியைக் கூப்பிடுகிறேன். மூன்றாவது ரிங்கில் எடுத்தாள். "என்ன சாமி பண்ற?" "படுத்திருக்கேன்." "வெள்ளிக்கெளம யாரோ வாராங்களாமா. உனக்குத் தெரியுமா?" "அப்பா நேத்தே சொன்னாரு. உங்கிட்டச் சொல்ல வேண்டான்னாரு. நீ கத்துவியாமா." இதுதான் சமயம், இப்போது கேட்காவிட்டால் அப்புறம் ஜன்மத்துக்கும் கேட்க மாட்டேன். "தாரணி, மாசி மாசம் எங்கிட்ட வந்து சொன்னியே." "விடும்மா." "உட முடியல. அன்னிக்கு நான் ஒளுங்கா என்னன்னு கேட்டிருந்தா..." "ஆமா" என்றாள். "கேட்டிருக்கணும்." பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், அழுதுவிட்டு மெரூன் துணியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். கேட்டிருக்கணும் என்றாள், நான் நிமிர்ந்து நின்றேன். "இப்பக் கேக்கறேன். போலீஸ் டேசனுக்குப் போலாமா? நீ சொன்னாத்தான். உனக்கு இஷ்டமில்லீன்னா யாருகிட்டயும் மூச்சு உட மாட்டேன்." ஃபோனில் கட்டில் கிரீச்சிடுகிற சத்தம் கேட்டது, எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "நான் எளுதி வெச்சிருக்கம்மா. ரெண்டு பக்கம். அன்னிக்கு ராத்திரியே எளுதிட்டேன்." "அப்பறம் ஏன்டி சொல்லுல?" "கூட யாரு வருவாங்கன்னு தெரியல." கூட யார் வருவார்கள் என்று தெரியவில்லையாம். பெற்றவள் பக்கத்து ரூமில் படுத்திருக்கிறேன், அவளுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? நான் எப்போது தெரிகிற மாதிரி இருந்தேன்? "வண்டிய எடுத்துட்டு மகளிர் டேசனுக்கு வந்துரு. நான் நேரா வாரேன்" என்றேன்.

திரும்பி வரும்போது கடைக்காரர் துணியை அளந்து மடித்துக் கத்திரிக்கோலை அதன் ஓரத்தில் வைத்திருக்கிறார். "வெட்டீரலாங்களா? வெட்டுனா ரிட்டன் எடுக்க மாட்டமுங்க." "வெட்டுங்க" என்கிறார் இவர். "வெட்டாதீங்க" என்கிறேன் நான். கடைக்காரர் இரண்டு பேரையும் பார்க்கிறார். கத்திரிக்கோல் திறந்தபடியே நிற்கிறது. இவர் என் முழங்கையைத் தொட்டு, "என்ன கோதை, கலரு புடிக்கலயா? வேற பாக்கலாம்" என்கிறார். எவ்வளவு பொறுமை. எவ்வளவு நல்ல மனுஷன். "நானும் தாரணியும் டேசனுக்குப் போறோம். நீங்க வாரீங்களா?" இவர் முகம் வெளுத்துவிட்டது. கடைக்காரருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, "மெதுவாப் பேசு. அறிவிருக்குதா உனக்கு? வெள்ளிக்கெளம அவங்க வாராங்க. பேரு கெட்டுப் போயிரும்." "யாரு பேரு?" "நம்ம பேருதான். உம் புள்ள பேரு." "எம் புள்ள என்ன பண்ணுனா? அவ ரூமுல அவ துணி மாத்துனா. கெடட்டும், யாரு பேரு கெடோணுமோ கெடட்டும். நீங்க அந்த வீட்ல டீ குடிச்சீங்க." அதைச் சொல்லிவிட்டேன். பதினொரு நாளாக நாக்குக்குக் கீழே வைத்திருந்தேன். பக்கத்து மேசையில் சோபாத் துணி பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் எங்களையே பார்க்கிறாள். பார்க்கட்டும். "அவரு குடுத்தாரு, நான்..." என்று இவர் ஆரம்பித்தார். கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார், முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு, மடியில் மெரூன் துணி சரிந்து கிடக்க. ஒரு நொடி பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தை நம்பக்கூடாது, அதை நம்பித்தான் இத்தனை வருஷம் ஓடியது. செருப்பை மாட்டினேன். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆட்டோவில் வெயில் முகத்தில் அடிக்கிறது. ஃபோன் அடிக்கிறது, இவர்தான், அடித்து ஓய்கிறது, மறுபடி அடிக்கிறது. வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். இப்போதுதான் பயம் வருகிறது. நாளைக்கு வீதியில் என்ன பேசுவார்கள், துரைசாமி பெண்டாட்டி வந்து கேட்டில் நின்று மண்ணை வாரித் தூற்றுவாளா, பெருமாநல்லூர்க்காரர்களுக்கு யார் சொல்வார்கள், அந்த ஃபோனில் இருந்தது இன்னொரு ஃபோனுக்குப் போயிருந்தால், கடவுளே, போயிருந்தால். இந்த நினைப்பைத்தான் பதினொரு நாளாக நினைக்காமல் இருந்தேன். இப்போது நினைக்கிறேன். போயிருந்தால் அதையும் சொல்லிக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நிற்கிறாள் தாரணி. தலை வாரி, துப்பட்டா இல்லாமல், ஜீன்ஸும் சட்டையும் போட்டு, கையில் மடித்த இரண்டு பக்கக் காகிதம். பதினொரு நாளுக்கப்புறம் அவளைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. உள்ளே போனோம்.

உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு பெண் போலீஸ், என் வயசுதான் இருக்கும், சாப்பாட்டு டப்பாவை மூடி ஓரமாக வைத்துவிட்டுக் காகிதத்தை வாங்கினாள். முதல் பக்கத்தைப் படித்தாள். இரண்டாம் பக்கத்தைப் பாதி படித்தாள். நிமிர்ந்து, கடுமையாகக்கூட இல்லை, சாதாரணமாக, மழை வருமா என்று கேட்பது மாதிரி கேட்டாள், "ஜன்னலுக்கு ஸ்க்ரீன் போடலீங்களா?" எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். இவளுமா, காக்கிச் சட்டை போட்ட இவளுமா, எத்தனை பேர்தான் இதே வார்த்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வாயைத் திறப்பதற்குள் தாரணி என் மணிக்கட்டைப் பிடித்தாள். என்னை உட்கார வைத்துவிட்டுச் சொன்னாள். "இருந்துச்சுங்க மேடம். வெக்கையா இருந்துச்சுன்னு நாந்தான் தள்ளி உட்டிருந்தேன். அதையும் எளுதிக்குங்க. அவரு எங்க நின்னாரு, எப்புடி நின்னாருன்னும் கேளுங்க, சொல்றேன்." அந்தப் பெண் போலீஸ் இரண்டாம் பக்கத்தின் மீதியையும் படித்தாள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, நோட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். "அந்தாளு ஃபோன மொதல்ல எடுத்தாரச் சொல்றேன். பேரென்ன?" தாரணி சொன்னாள். முழுப் பேர், அப்பா பேர், வீதி, கதவு நம்பர், சங்கத்தில் என்ன பதவி, எல்லாம் ஒவ்வொன்றாக, வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி. நான் அவளை மெதுவாகப் பேசச் சொல்லவில்லை.